ஒரு பிடி மிச்சம்

அத்தியாயம் பதினேழு

பழனியம்மாள் சிக்கனக்காரி என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்ன? பதினாறு வாரமாக அவளோடு கூடவே நடந்து வருகிறவர்களுக்கு, அந்த வீட்டில் ஒரு தீப்பெட்டி எத்தனை நாளைக்கு வரும் என்பதுகூட அத்துப்படி. இன்றைக்குத்தான் புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்காக நாலு வார்த்தை. மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவள் அடுப்பு மூட்டத் தீக்குச்சி கிழிக்கிற வழக்கமே இல்லை. பக்கத்து வீட்டு அடுப்பிலிருந்து ஒரு வறட்டித் துண்டில் நெருப்பு வாங்கி வந்துவிடுவாள். சோறு வெந்ததும் எரிகிற விறகைத் தண்ணீர் தெளித்து அணைத்து, கரியைத் தனியே எடுத்து வைப்பாள். சோப்பு தேய்ந்து நகத்தளவுக்கு வந்தால் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டிவிடுவாள். புளி கரைத்த சக்கை பாத்திரம் தேய்க்கப் போகும். புடவை கிழிந்தால் தலையணை உறை, உறை நைந்தால் அடுப்படித் துணி, அதுவும் போனால் விளக்குத் திரி. பழனியம்மாள் ஒரு புடவையை எரித்துத்தான் முடிப்பாள் என்று திருப்பூரில் அவர்கள் குடியிருந்த சந்து முழுக்கக் கேலி பேசும். பேசட்டுமே, அவளுக்கு என்ன வந்தது!

எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் பிடியரிசி. உலையில் போட அளந்து வைத்த அரிசியிலிருந்து ஒரு பிடி அள்ளி, மூலையில் இருக்கும் பானையில் போட்டுவிட்டுத்தான் மீதியைக் களைவாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு வேளை தவறியதில்லை. யாருக்கும் வயிறு குறையாது, ஆனால் மாதக் கடைசியில் பானையில் நாலு நாள் சோறு இருக்கும்.

அவள் புருஷன் மருதாசலம் பனியன் கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஓட்டியவர். ஆறு மாதத்துக்கு முன்னால் மெஷினில் நின்றபடியே இருமினார். துண்டில் ரத்தம். காசநோய் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதலாளி பொங்கியண்ணன் கெட்டவர் இல்லை. குணமாகி வா, உனக்கு வேலை உண்டு என்று சொல்லி அனுப்பினார். ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த மகள் ஞானாம்பாள் புத்தகத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, அதே கம்பெனியில் பனியன் மடிக்கப் போனாள். பழனியம்மாள் காதுத் தோட்டைக் கழற்றினாள். அது மாத்திரையாக மாறி வந்தது. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, ஆறு மாதம்.

அந்த ஆறு மாதம் இன்றோடு முடிகிறது. போன வாரம் எடுத்த எக்ஸ்ரே படத்தைப் பார்த்து டாக்டர் இன்றைக்குச் சொல்லப் போகிறார். குணம் என்று அவர் சொன்னால் மருதாசலம் கம்பெனிக்குப் போகலாம், ஞானாம்பாள் பள்ளிக்கூடம் போகலாம். இல்லை என்று சொன்னால் என்ன ஆகும் என்று பழனியம்மாள் யோசிக்கவே இல்லை. யோசிக்கப் பயமாக இருந்தது.

காலையில் மருதாசலம் முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி கிளம்பினார். குதிரை வண்டி வைத்துக்கொள்ளலாம் என்று பழனியம்மாள் சொன்னாள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததே அதிசயம். அவர் கேட்கவில்லை. ரெண்டு மைல் நடக்க முடியாதவன் நாளைக்கு மெஷினில் எப்படி நிற்கிறது என்று கேட்டுவிட்டு முன்னால் நடந்தார்.

நொய்யல் பாலத்தில் நின்றார். தண்ணீர் எவ்வளவு போகிறது பார் என்று காட்டினார். ஆற்றில் காட்டும்படியாக அப்படி ஒன்றும் தண்ணீர் இல்லை. மூச்சு வாங்கத்தான் நிற்கிறார் என்று அவளுக்குத் தெரியும். அவளும் செருப்பில் கல் புகுந்துவிட்ட மாதிரி குனிந்து நின்றாள். குனிந்தபடியே, படம் நல்லபடியாக இருந்தால் சிவன்மலைக்கு நடந்தே வந்து கும்பிடுகிறேன் என்று அந்த மலை முருகனை வேண்டிக்கொண்டாள். வேண்டுதலில்கூடப் பஸ் செலவை மிச்சம் பிடிக்கிறாளே என்று நீங்கள் சிரிப்பீர்கள். அவளுக்குப் பழக்கம் அப்படி.

டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு எடை பார்த்து வரச் சொல்லி மருதாசலத்தைக் கம்பவுண்டரோடு அடுத்த அறைக்கு அனுப்பினார். எடை பார்க்கவா அனுப்புகிறார்?

முன்பு நுரையீரலில் ஒரு பக்கம்தான் இருந்தது, இப்போது ரெண்டு பக்கமும் வந்துவிட்டது என்றார் டாக்டர். அவர் படத்தில் தொட்டுக் காட்டிய இடத்தில் அவளுக்குப் பஞ்சு ஒட்டினாற்போல வெள்ளையாக ஏதோ தெரிந்தது.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டாராம்மா? மறைக்காம சொல்லுங்க."

"எங் கையாலதானுங்க எடுத்துக் குடுக்கறேன். ஒரு வேளை தப்பலீங்க. முருகன் மேல ஆணையா."

அவள் பொய் சொல்லவில்லை. வேளை தவறாமல் அவள்தான் மாத்திரையை எடுத்து அவர் கையில் வைப்பாள். தண்ணீர்ச் செம்பையும் பக்கத்தில் வைத்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பி விடுவாள்.

டாக்டர் நம்ப முடியாதவர் போலத் தலையை ஆட்டினார். "ஒழுங்கா சாப்பிட்டிருந்தா இதுக்குள்ள ஆறியிருக்கணும். குறைச்சுச் சாப்பிட்டாலோ, விட்டு விட்டுச் சாப்பிட்டாலோதான் இப்படி ஆகும். கிருமி அந்த மருந்துக்குப் பழகிப் போயிடும்மா. அப்புறம் மூட்டை மூட்டையாக் குடுத்தாலும் கேக்காது."

பெருந்துறை காசநோய் ஆஸ்பத்திரியில் வைத்து வேறு மருந்தும் ஊசியும் போட்டுப் பார்க்க வேண்டும் என்றார். கடுதாசி எழுதிக் கொடுத்தார். திங்கட்கிழமைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும், தள்ளிப் போடக் கூடாது. பிழைத்துக்கொள்வாரா என்று அவள் கேட்டாள். பார்க்கலாம் என்றார். டாக்டர்கள் பார்க்கலாம் என்று சொன்னால் அது என்ன பதில் என்று எந்தப் பெண்பிள்ளைக்கும் தெரியும்.

வெளியே மருதாசலம் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு சிரித்த முகமாக நின்றார். எடை குறையவில்லை என்று கம்பவுண்டர் சொன்னானாம்.

திரும்பி வரும் வழியில் பாதியைச் சொன்னாள், பாதியை விழுங்கினாள். இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறதாம், பெருந்துறையில் தங்கிப் புது மருந்து சாப்பிட்டால் சரியாகிவிடுமாம் என்றாள். அவர் முகம் வாடியது. பிறகு எதையோ நினைத்துக்கொண்டவர் போலத் தனக்குள் சிரித்தார். அந்தச் சிரிப்பு எதற்கென்று அவளுக்குப் புரியவில்லை.

வீட்டுக்கு வந்து சோறு தின்று கை கழுவியதும் மருதாசலம் தன் துணிப்பெட்டியைத் திறந்தார். வேட்டி, துண்டு எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைத்தார். அடியிலிருந்து ஒரு பழைய பவுடர் டப்பா வந்தது. அதைக் கொண்டுவந்து அவள் எதிரே உட்கார்ந்து, மூடியைத் திறந்து, துண்டை விரித்துக் கொட்டினார்.

மாத்திரை. வெள்ளை வெள்ளையாக மாத்திரை. துண்டு நிறையக் குவிந்து, நாலைந்து உருண்டு தரைக்குப் போயின. அவர் அவற்றையும் பத்திரமாகப் பொறுக்கிச் சேர்த்தார்.

"பெருந்துறையும் வேண்டாம், புது மருந்தும் வேண்டாம். பாரு. இன்னும் மூணு மாசத்துக்குத் தின்னலாம், ஒரு பைசா செலவில்லாம."

பழனியம்மாள் அந்தக் குவியலையே பார்த்தாள். அவள் வியந்து போய்விட்டாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். உற்சாகமாக எடுத்துச் சொன்னார். ரெண்டாவது மாதமே இருமல் நின்றுவிட்டதாம். இருமாதவனுக்கு ரெண்டு எதற்கு? காலையில் கொடுப்பதை விழுங்கிவிடுவாராம். ராத்திரி கொடுப்பதைக் கைக்குள் மூடிக்கொண்டு, அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் டப்பாவில் போட்டுவிடுவாராம்.

"நீ ஒலையில போடறதுக்கு முன்னால ஒரு பிடி எடுத்து வெக்கறயல்லோ? அதாட்டந்தான். இத்தனை வருசம் உங்கூடக் குடும்பம் பண்ணி, இதுகூடப் பழகலீன்னா எப்படி?"

அவள் ஒரு நாளை நினைத்துக்கொண்டாள். மருந்துக் கடையிலிருந்து வந்த நாள். புட்டியை விளக்கடியில் வைத்துவிட்டு, இந்த ஒரு வில்லை ஒரு ஆள் ஒரு நாள் சாப்பாடு என்று வாய்விட்டுச் சொன்னாள். தன்பாட்டுக்குத்தான் சொன்னாள், அவரைக் குத்திக்காட்ட இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மனுஷன் அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறார் என்று யார் கண்டது!

பாவி, பாவி என்று தன்னையே வைதுகொண்டாள். கரியை மிச்சம் பிடித்தாய், சோப்பை மிச்சம் பிடித்தாய், புருஷன் உயிரையும் சேர்த்தா பிடித்தாய்? அவளுக்கு ஓவென்று கத்த வேண்டும் போல இருந்தது. எதிரே அவர் முகத்தைப் பார்த்தாள். பரீட்சையில் முதல் மார்க் வாங்கிக்கொண்டு வந்து நிற்கிற பிள்ளையின் முகம். அவள் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வரும் என்று காத்திருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் செலவாளி, அவள் சேமிப்பாளி என்றுதான் வீட்டில் பேச்சு. இன்றைக்குத்தான் முதல் தடவையாக அவர் ஜெயித்திருக்கிறார்.

"என்ன புள்ளே, ஒண்ணுஞ் சொல்லாம இருக்கற?"

"நல்லா மிச்சம் புடிச்சிருக்கீங்க," என்றாள் பழனியம்மாள்.

அதற்கு மேல் உட்கார முடியவில்லை. தண்ணீர் எடுக்கப் போகிறேன் என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். குழாயடியில் குடம் நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பழனியம்மாள் தண்ணீரை வழிய விடுகிறாளே என்று பக்கத்து வீட்டு ரங்காத்தாள் கேட்டதுகூட அவள் காதில் விழவில்லை.

அவரிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் அப்போது நினைத்தாள். நடந்தது நடந்துவிட்டது. உன் கையாலேயே கெடுத்துக்கொண்டாய் என்று அந்த மனுஷனிடம் எந்த வாயால் சொல்வது? ஏதாவது சாக்குச் சொல்லிப் பெருந்துறைக்குக் கூட்டிப் போய்விடலாம். பிறகு முருகன் விட்ட வழி.

ஆறு மணிக்கு ஞானாம்பாள் கம்பெனியிலிருந்து வந்தாள். தலையெல்லாம் பஞ்சு. முகம் கழுவக்கூட நிற்காமல் அப்பாவிடம் போய் நின்றாள். முதலாளி கூப்பிட்டுச் சொன்னாராம். ஒரு மெஷின் காலியாக இருக்கிறதாம். டாக்டர் குணம் என்று சொல்லிவிட்டாரானால் திங்கட்கிழமை காலையிலேயே மருதாசலம் வந்து மெஷினில் நிற்கலாமாம். இதைச் சொல்லும்போது அந்தப் பெண்ணின் முகத்தில் சந்தோஷம் இருந்தது. ஆனால் முழுச் சந்தோஷம் இல்லை. பழனியம்மாள் தன் கவலையில் அதைக் கவனிக்கவில்லை.

மருதாசலத்தைக் கையில் பிடிக்க முடியவில்லை. திங்கட்கிழமையே போய்விடுகிறேன் என்றார். வேலைக்குப் போகிற நாளிலும் ஒரு மாத்திரை விழுங்கிவிட்டுப் போனால் தீர்ந்தது, அதுதான் மூணு மாதத்துக்கு இருக்கிறதே. நீ வெள்ளிக்கிழமையோடு நின்றுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்துகொள் என்று மகளிடம் சொன்னார். கொடியில் கிடந்த காக்கிச் சட்டையை எடுத்து உதறிப் பார்த்தார். உதறிய தூசிக்கே ரெண்டு தடவை இருமினார்.

அந்த இருமலைக் கேட்டதும் பழனியம்மாளுக்குத் தெரிந்துவிட்டது, சாக்குச் சொல்லி இனி ஆகாது. நல்ல சேதி வந்த பிறகு இந்த மனுஷன் பெருந்துறைக்கு வரப் போவதில்லை. திங்கட்கிழமை மெஷினுக்குப் போவார். பஞ்சுக்குள் நிற்பார். எத்தனை நாள் நிற்பார்?

சட்டையை அவர் கையிலிருந்து வாங்கிக் கொடியில் போட்டாள். உட்காரச் சொன்னாள்.

"நீங்க கம்பெனிக்குப் போகக் கூடாதுங்க. சீக்கு போகலீங்க. ரெண்டு பக்கமும் ஆயிருச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாருங்க."

அவர் மாத்திரை டப்பாவைக் காட்டினார். அவள் தலையை ஆட்டினாள். குறைத்துத் தின்றால் கிருமி பழகிப் போகுமாம், அப்புறம் இந்த மருந்து எத்தனை தின்றாலும் கேட்காதாம் என்று டாக்டர் சொன்னதை வரிசையாகச் சொன்னாள். இனி அது மருந்து இல்லை, வெறும் சுண்ணாம்பு என்றாள்.

மருதாசலம் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஞானாம்பாள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப, இதையெல்லாம் தின்னிருந்தா எனக்கு நல்லாயிருக்குமா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். ஒரு பொய், செலவில்லாத பொய். ஆனால் இல்லை என்றால் நாளைக்குப் பெருந்துறையில் கொடுப்பதையும் இந்த மனுஷன் எண்ணி எடுத்து வைப்பார். பழனியம்மாள் புருஷன் கண்ணைப் பார்த்தாள்.

"ஆமாங்க," என்றாள். "உங்க தப்பில்லீங்க. நாம் பழக்கி உட்டது. என்னைய அடிங்க, பேசுங்க. ஆனா பெருந்துறைக்கு வந்துருங்க. குடுக்கறதையெல்லாம் தின்னுருங்க."

அவர் அடிக்கவும் இல்லை, பேசவும் இல்லை. அவர் முகத்திலிருந்த ரத்தமெல்லாம் வடிந்துகொண்டே போவதைப் பார்த்து, அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அவர் தன் உயிரை நினைத்து இப்படி ஆகவில்லை என்று அவள் அப்போது அறியவில்லை.

"டப்பாவுல இருக்கறது மட்டுமில்ல," என்றார் மருதாசலம்.

"என்னங்க சொல்றீங்க?"

விட்டு விட்டுச் சொன்னார். நல்லான் என்று கம்பெனியில் அவர் பக்கத்து மெஷின்காரன். அவனுக்கும் இருமல். முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று டாக்டரிடம் போகாமல் மறைத்துக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை தோறும் இவரைப் பார்க்க வருவானே, அதற்காகத்தான் வந்தான். வரும்போதெல்லாம் டப்பாவிலிருந்து நாலு மாத்திரை எடுத்துக் கொடுத்து அனுப்பினார்.

"ஒரு நாள் உட்டு ஒரு நாளைக்குத் தின்னுடா, போதும்னு நாந்தான் சொன்னேன். அவனுக்கும் இருமல் நின்னு போச்சு. மிச்சம் புடிச்சதுல ஒரு புண்ணியமும் ஆச்சுன்னு நெனச்சேன், பழனி." மகள் பக்கம் திரும்பினார். "கண்ணு, நாளைக்குக் காலையில கம்பெனிக்குப் போனதும் நல்லானை நான் வரச் சொன்னேன்னு சொல்லு. உடனே வரச் சொல்லு."

ஞானாம்பாள் அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். அப்புறம் அழுதுவிட்டாள்.

"நல்லாண்ணன் வேலையில இல்லீங்கப்பா. முந்தாநாளு மிசின்ல நிக்கறப்பவே ரத்தமா இருமிட்டாரு. மொதலாளி ஊட்டுக்கு அனுப்பிச்சிட்டாருங்க. அந்த மிசினுக்குத்தான் உங்களை வரச் சொல்றாங்க."

மருதாசலம் எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பழனியம்மாள் ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவள் கையைத் தடவிக்கொண்டே, அவளிடம் சொல்கிறவர் மாதிரியும் இல்லாமல், மெதுவாகச் சொன்னார்.

"அவனுக்கு மூணு கொழந்தைங்க, பழனி. கடைசிக்கு இன்னும் பேருகூட வெக்கல."